ஐந்து வருஷத்துப் பஞ்சு

1

அரக்கோணத்தில் இருக்கும் என் சிநேகிதி கமலம் போன வாரம் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் காலையில் எழுந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்கிறதாம். "நீ இருக்கும் மலாய் நாட்டில் ரப்பரில் தலையணை செய்கிறார்களாமே, உடம்புக்கு எது நல்லது, எதை வாங்கலாம், விவரமாக எழுது" என்று கேட்டிருந்தாள்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 'தலையணை' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்த விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் யோசனை மட்டும் சொன்னால் அது அரைகுறையாகப் போய்விடும். கமலத்துக்கு மட்டும் எழுதுவானேன், ஊரில் கழுத்து உள்ள எல்லோரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரர், "எழுதிக்கோ, ஆனா என் பேரப் போடாத" என்றார். அவர் பெயரை நான் எந்தக் காலத்தில் வாயால் சொல்லியிருக்கிறேன், இப்போது எழுத்தில் சொல்ல? எங்கள் மகள் வள்ளியின் நைனா என்றால் திருத்தணியில் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யுத்தம் முடிந்து நான் மறுபடி கப்பலேறி இங்கே வந்து இந்த மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக ஒரு தலையணையை நான் எவ்வளவு பெருமையாக வைத்திருந்தேன், அது என்ன செய்தது என்பதுதான் கதை.

2

திருத்தணியில் நான் பிறந்த வீடு மலையடிவாரத்திலிருந்து கண்டிகை போகும் வண்டிப்பாதையில் இருக்கிறது. என் அப்பாவையும் நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனாவுக்குக் கொஞ்சம் கடலைக்காய்க் கொல்லை. வேலியோரம் மூன்று இலவ மரங்கள். பங்குனி வெயிலில் காய் வெடிக்கும் முன்பே தொரட்டியால் பறித்துவிடுவார். இல்லாவிட்டால் பஞ்சு பாதி காற்றோடு போய்விடும்.

எங்கள் சொந்தபந்தத்தில் மாப்பிள்ளைத் தலையணைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தில் சீரைப் பரப்பி வைத்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக வருவார்கள். பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். பாயைப் பிரித்துப் பார்ப்பார்கள். தலையணைக்கு வந்ததும் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. விரல் உள்ளே போய்விட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பைப் பெண் தன் ஆயுசு முழுக்க மறக்க முடியாது. என் பெரிய அக்காள் கல்யாணத்தில் அப்படி ஒரு சிரிப்பு நடந்து, நைனா அந்த அவமானத்தை மனசிலேயே வைத்திருந்தார்.

அதனால் என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே காடாத் துணியில் உறை தைத்து வைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார். அடைத்தார், அடைத்தார், அப்படி அடைத்தார். உலக்கைப் பூண் பக்கத்தைத் துணியால் சுற்றி, அதை வைத்துக் குத்திக் குத்தி இறக்கினார்.

"நைனா, போதும் நைனா. தையல் வுட்டுடும்" என்றேன்.

"வுட்டா வேற நூல் போட்டுத் தெச்சிக்கலாம். மாப்ள தல கீழ எறங்கக்கூடாது."

சீர் அன்று பன்னிரண்டு கட்டைவிரல்கள் அமுக்கிப் பார்த்தன. ஒன்றும் உள்ளே போகவில்லை. நைனா தோளில் துண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனதை நான் பார்த்தேன்.

வள்ளியின் நைனா அப்போது அரக்கோணம் ரயில்வேயில் வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வயது இருபத்துநாலு. அந்த வயதில் கருங்கல்லைத் தலைக்கு வைத்தாலும் தூக்கம் வரும். அடுத்த வருஷம் மலாய் நாட்டு ரயில்வேயில் வேலை கிடைத்துப் போனார். பின்னாலேயே நானும் போனேன். சாமான் அதிகமாகிவிட்டது என்று தலையணையை நைனா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

3

தலைச்சன் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் ஊருக்கு வந்தேன். வள்ளி பிறந்தாள். குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரிவதற்குள் யுத்தம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கப்பல் நின்றது, தபால் நின்றது. மலாய் நாட்டை ஜப்பான்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்று அரக்கோணத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கப்புறம் சொல்வதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை.

நாலு வருஷத்துக்கு மேல் ஒரு வரி கடிதம் கிடையாது. முதல் வருஷம் எல்லோரும் என்னிடம் இரக்கமாகப் பேசினார்கள். மூன்றாம் வருஷம் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். கனகம்மாசத்திரத்தில் இருக்கும் என் அத்தை ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னும் எத்தினி நாளிக்கி பூ வெச்சிகினு இருக்கப் போற ராஜம்மா? ஊர் பேசுது."

கொல்லையில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த நைனாதான் அங்கிருந்தே சொன்னார். "ஊர் பேசட்டும். நீ சாப்ட்டுட்டுப் போ."

கப்பல் நின்ற பிறகு வந்த முதல் பங்குனியிலேயே நைனா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்திருந்தார். பெட்டி மேலிருந்த மாப்பிள்ளைத் தலையணையை எடுத்து ஓரத் தையலைப் பிரித்தார். பஞ்சு அமுங்கிப்போச்சு என்று சொல்லி, அந்த வருஷத்துக் காயில் எடுத்த பஞ்சைப் புதிதாக உள்ளே வைத்து அடைத்து மறுபடியும் தைத்தார். நிஜத்தில் அது அமுங்கவே இல்லை. இவர் கப்பலேறிய பிறகு யாருமே தலை வைக்காத தலையணை எப்படி அமுங்கும்? நான் கேட்கவில்லை. அடுத்த பங்குனியிலும் செய்தார். அதற்கு அடுத்த இரண்டு பங்குனிகளிலும். பிறகு எண்ணிப் பார்த்தால், கல்யாணத்தின் போது அடைத்ததைச் சேர்த்து ஐந்து வருஷத்துப் பஞ்சு அதற்குள் இருந்தது.

நான் மாசத்துக்கு ஒருநாள் அதை வெயிலில் வைப்பேன். அவ்வளவுதான் என்னால் என் வீட்டுக்காரருக்குச் செய்ய முடிந்தது. ஆடிக் கிருத்திகைக்கு வீடு நிறைய ஜனம் தங்கும். காவடி எடுத்துப் படியேறி இறங்கியவர்கள் கிடைத்த மூட்டையெல்லாம் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். நடக்கமாட்டாத ஒரு பெரியவர் பெட்டி மேலிருந்த தலையணையைக் காட்டிக் கேட்டார். அதில் மூட்டைப்பூச்சி என்று பொய் சொன்னேன். முருகன் சந்நிதியில் அந்தப் பொய்க்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் கொடுக்கவில்லை. வேறு ஒருவர் தலை அதில் பட்டுவிட்டால் இவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குள் ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது ஒன்றுதான் பிடி.

யுத்தம் முடிந்த பிறகு கடிதம் வந்தது. நாலே வரி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இவரையும் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன், உடம்பு பரவாயில்லை, பழைய வேலை கொடுத்திருக்கிறார்கள், குழந்தையோடு புறப்பட்டு வா.

நைனா அன்றே மிச்சமிருந்த பஞ்சையும் அடைக்க உலக்கையை எடுத்துவிட்டார்.

4

கப்பலில் தலையணையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பினாங்குத் துறைமுகத்தில் சாமானைச் சோதிக்கும் அதிகாரி ஒவ்வொரு மூட்டையிலும் நீளமான கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தார். அபின் கடத்துகிற காலம். என் தலையணையில் கம்பி பாதிக்கு மேல் இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படித்தான். உள்ளே என்ன என்றார். பஞ்சு என்றேன். மலாயில் சொன்னேன், தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், கையால் பறக்கவிட்டுக் காட்டினேன். பஞ்சில் கம்பி இறங்காமல் இருக்குமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். என் நைனாவை அவருக்குத் தெரியாதே.

கேள்விகள் அச்சடித்த ஒரு பாரத்தை நீட்டினார்கள். பொருள் என்ன, யாருக்காக, எதற்காக, எவ்வளவு காலமாக உபயோகத்தில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு 'பல வருஷமாக உபயோகிக்கவில்லை' என்று எழுதினேன். உபயோகிக்காத பழைய தலையணையை எதற்காகக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறாய் என்றார் குமாஸ்தா. அதற்குப் பதில் சொல்ல அந்தப் பாரத்தில் இடம் இல்லை. கடைசியில் ஒரு சாண் தையலைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தார்கள். பஞ்சு பறந்தது, அதிகாரி நாலைந்து தும்மல் போட்டார், போ என்று கையைக் காட்டிவிட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தைத்தேன். வள்ளி நூலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இவரைப் பார்த்ததும் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாக இருந்தார். பக்கவாட்டில் நின்று கூப்பிட்டேன். தலையைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். வருஷக்கணக்கில் மரக்கட்டை சுமந்த தோள் என்று பிறகு சொன்னார். என் கையிலிருந்த தலையணையைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் போகவில்லை.

"ஒங்க நைனா இன்னும் அதே கைதான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து அது அவர் தலைக்குக் கீழேதான்.

5

இப்போது இவர் இந்த ஊர் சிக்னல் கேபினில் வேலை பார்க்கிறார். கைகாட்டியை இறக்குவது, பாயிண்ட் மாற்றுவது எல்லாம் அங்கிருந்துதான். போன வருஷத்திலிருந்து காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளுக்கும் சர்க்காருக்கும் சண்டை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுகிறார்கள். கேபினில் நிற்பவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய காலம். இவருக்கோ நாளுக்கு நாள் கழுத்து இறுகிக்கொண்டே போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் வருஷாந்தர சோதனையில் ஆஸ்பத்திரி டாக்டர் இவரை இடது பக்கம் திரும்பச் சொன்னார். முகவாய் தோளுக்கு வரவில்லை. பாதி தூரம்கூட வரவில்லை.

இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள். காலையும் மாலையும் செய்ய நாலு பயிற்சி சொன்னார் டாக்டர். அதற்குள் சரியாகாவிட்டால் வேலைக்கு ஆகாதவர் என்று எழுதி ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

ஊருக்குப் போவது எனக்குக் கசக்குமா? ஆனால் அந்த எழுத்தோடு போவதை இவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். சயாமைப் பற்றி இவர் அதிகம் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார். அங்கே வேலைக்கு ஆகாதவர்கள் என்று தினமும் சிலரைப் பிரித்துத் தனிக் கொட்டகையில் போடுவார்களாம். அந்தக் கொட்டகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து இவர் பார்த்ததில்லை. சோதனை முடிந்து வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "மறுபடியும் பிரிச்சிட்டாங்க ராஜம்மா" என்றார்.

அன்றிலிருந்து நான் குற்றவாளியைத் தேடினேன். முதலில் ஜன்னல் காற்று. ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். பிறகு வாயு என்று முடிவு செய்து உருளைக்கிழங்கை நிறுத்தினேன். மொச்சையை நிறுத்தினேன். தலைக்கு ஊற்றும் தண்ணீரை மாற்றினேன். தைலம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் மக் மினா, அவர்கள் ஊர் இலவம் பஞ்சில் செய்த தட்டையான தலையணை ஒன்றைக் கொண்டுவந்து இதை வைத்துப் பார் என்றாள். நான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் தரை வரைக்கும் போயிற்று. என் வீட்டு மனிதரை இதில் படுக்க வைப்பதா என்று நினைத்து, சிரித்துக்கொண்டே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வள்ளிக்கு எட்டு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழில் ஆரம்பித்து மலாயில் நடந்து இங்கிலீஷில் முடிப்பாள். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, எதற்கெடுத்தாலும் 'சாரி'. பெற்ற அப்பனிடம் ஒரு குழந்தை 'சாரி' சொல்வதை நான் கேட்கவேண்டியிருக்கிறது. அவள் சிநேகிதி வீட்டில் ரப்பர் தலையணை இருக்கிறதாம், நைனாவுக்கு அதை வாங்கலாம் என்று நச்சரித்தாள். ஒருநாள் இரவல் வாங்கியே வந்துவிட்டாள். இந்த நாட்டு மரத்தில் நம் ஜனங்கள் வடித்த பால்தான் சீமைக்குப் போய்த் தலையணையாகத் திரும்பி வருகிறது. இவர் மதியம் அதில் ஒருமுறை தலை வைத்தார். தலை தானாகவே எழும்பியது. காதோரம் வியர்த்துவிட்டது. வாடை வேறு. "படகுல படுத்தாப்ல இருக்கு" என்றார். கமலத்துக்கு என் அபிப்பிராயம் இது: ரப்பரில் கெடுதல் இல்லை, ஆனால் நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது. தேங்காய் நார் அதைவிட மோசம், முள் மேல் படுத்தது போலக் குத்தும். பருத்திப் பஞ்சு ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். இலவம் பஞ்சுதான் குளிர்ச்சி.

இவ்வளவும் தெரிந்த எனக்கு வீட்டிலிருந்த தலையணை மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

6

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டை நானே கேபினுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக ஆள் வந்து வாங்கிப் போவான், அன்று வரவில்லை. மரப்படியேறிப் பார்த்தால், மாற்றுக்கு வந்திருந்த ஹசான் நெம்புகோல் பக்கம் நிற்கிறார். இவர் ஓரத்துப் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்குக் கீழே மடித்த சட்டை. இரண்டு விரல்கட்டை உயரம் இருக்கும். வீட்டில் ஒருநாளும் நான் பார்க்காத தூக்கம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

எழுப்பட்டுமா என்று ஹசான் கேட்டார். வேண்டாம் என்றேன். "தூங்கட்டும் அம்மா. தினமும் வேலை முடிந்தாலும் ஒருமணி நேரம் இங்கே தூங்கிவிட்டுத்தான் போவார். வீட்டில் தூக்கம் வருவதில்லையாம்" என்று அவர் மலாயில் சொன்னார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

தூக்குப் பாத்திரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் எனக்குக் கண் தெரியவில்லை. அத்தனை வருஷம் காத்துக்கிடந்து, கடல் தாண்டி வந்து, என் வீட்டில் இவருக்குத் தூக்கம் வரவில்லையாம். நான் யாருக்காக இங்கே இருக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"வீட்ல தூக்கம் வரலன்னு ஹசான்கிட்ட சொல்லத் தெரியுது. எனக்குச் சொல்ல வாய் இல்லியா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "தூக்கம் வராம இல்ல ராஜம்மா. தலகாணி கொஞ்சம் ஒசரம்" என்றார்.

"எத்தினி நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

"மூணு வருசமாவா?"

"ஆங்."

"ஏங்க சொல்லல?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை நேராகப் பார்ப்பதற்காக உடம்பைத் திருப்பிக்கொண்டார். "எப்டி சொல்றது? நான் இருக்கேனா செத்தேனான்னு தெரியாம ஒங்க நைனா வருசா வருசம் பஞ்சு அடைச்சிகினு இருந்திருக்காரு. நீ அத மடில வெச்சிகினு கப்பல்ல வந்த. அதப் போயி ஒசரம்னு சொல்லச் சொல்றியா?"

"அதுக்காவ கழுத்து போனாலும் போவட்டும்னு படுத்துகினு இருந்தீங்களா?"

"கழுத்துதான" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். என் மேல் இவ்வளவு பிரியம் வைத்த மனிதரை அந்த அளவு நான் எப்போதும் திட்டியதில்லை. அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்ததும், "சோறு போடு" என்றார்.

7

மறுநாள் காலையில் பின்கட்டில் கொசுவலையைக் கட்டி அதற்குள் நானும் வள்ளியும் உட்கார்ந்தோம். பஞ்சு பறக்காமலிருக்க அதுதான் வழி. தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்துவிட்டு வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிரித்தால் அந்த வருஷங்களையே பிரித்துப் போடுவது போல இருந்தது.

"அம்மா, கட் பண்ணு" என்றாள் வள்ளி.

பிரித்தேன். மேலே இருந்தது கடைசி வருஷத்துப் பஞ்சு. அதில் கொட்டை நிறையக் கிடந்தது. நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது, பொறுக்கத் தெரியவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே போகப் போகச் சுத்தமான பஞ்சு. அடியில் கல்யாணத்துப் பஞ்சு பழுப்பேறிக் கெட்டியாகக் கிடந்தது. வள்ளிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ தவழ்ந்த வருஷம் இது. உனக்கு அம்மை போட்ட வருஷம் இது. அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நைனா செத்துட்டாருன்னு நெனச்சியா நீ?"

"சில நாள் நெனச்சேன்."

"தாத்தா?"

"அவுரு நெனச்சிருந்தா ஏன் பஞ்சு அடைக்கிறாரு?"

அவள் மறுபடி பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டாள். கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரை என்னோடு கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை.

பாதியை எடுத்துவிட்டுத் தைக்காமல் ஊசியால் குத்தி, இவரைப் பக்கவாட்டில் படுக்கச் சொன்னேன். வள்ளி பள்ளிக்கூட நூலை எடுத்து வந்தாள். மூக்கு நுனியிலிருந்து மார்புக் குழி வரை நூலைப் பிடித்துப் பார்த்தோம், கொத்தனார் சுவருக்குப் பார்ப்பது போல. தலை இன்னும் மேலே தூக்கியிருந்தது. இன்னும் இரண்டு பிடி எடுத்தோம். இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். நூல் நேராக வந்த இடத்தில் நிறுத்தினேன். காதுக்கும் தோள் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடமோ அவ்வளவுதான் தலையணை. கமலம், இதை மட்டும் கவனமாகப் படி. உன் வீட்டுக்காரர் தோளை அளந்துவிட்டு அடை. மல்லாந்து படுப்பவராக இருந்தால் அதைவிடத் தாழ்வாக. கழுத்துக் குழியில் ஒரு சிறு சுருள் வை. இலவம் பஞ்சாக இருக்கட்டும், கொட்டை பொறுக்கியிருக்கட்டும், வாரம் ஒருமுறை வெயில் காட்டு. கட்டைவிரல் உள்ளே போனால் போகட்டும்.

மிச்சப் பஞ்சில் வள்ளிக்கு ஒரு தலையணை ஆயிற்று. மக் மினாவிடம் போய்க் காட்டினேன். முதலில் நான் திருப்பிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. மறக்காதவள் போலக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

நைனாவுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்து, நாலாவதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதில் மூன்று வாரத்தில் ஆகாயத் தபாலில் வந்தது. நைனா சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. எழுத்து வாத்தியாருடையது, பேச்சு நைனாவுடையது.

"ராஜம்மாவுக்கு. பஞ்ச எடுத்தது நல்லது. மாப்ள வர்ற வரிக்கும் என் கைக்கு ஒரு வேல வேணும்னு அடைச்சிகினு இருந்தேன். அவுரு வந்தப்புறம் அது அவ்ளோ எதுக்கு? இன்னும் ஒசரமா இருந்தா இன்னும் எடு. அவுரு நல்லாத் தூங்கினா போதும்."

இவர் அதை வாங்கிப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார்.

8

தலையணையே எல்லாவற்றையும் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையும் மாலையும் வள்ளி நின்று செய்ய வைத்தாள். எண்ணிக்கை குறைந்தால் விடமாட்டாள். வெந்நீர் ஒத்தடம் என் பங்கு. ஆனால் முதல் வாரத்திலேயே காலையில் எழும்போது இவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுவது நின்றுவிட்டது. கேபினில் தூங்குவதும் நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் முகவாய் பாதி தூரத்தைத் தாண்டியது. ஆறாம் வாரம் இவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எனக்கு வரவில்லை.

போன திங்கட்கிழமை தவணை முடிந்தது. நானும் வள்ளியும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வராந்தாவில், வெளியே வருகிறவருக்கு இடது பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. திருத்தணி மலையில் இருக்கிற அத்தனை படியையும் நான் மனசுக்குள் ஏறி இறங்கினேன். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து இவர் வெளியே வந்தார். கையில் ஒரு காகிதம். எங்களைத் தேடி எதிரே பார்த்தார்.

"நைனா" என்றாள் வள்ளி.

கால் இரண்டும் அசையவில்லை. தோளும் அசையவில்லை. தலை மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.

"கேபின்லயே இருக்கலாம்னு எழுதிட்டாங்க" என்றார்.

காகிதத்தை நீட்டிக்கொண்டு எங்களிடம் வரக் காலை எடுத்தார்.

"வராதீங்க" என்றேன். "கொஞ்ச நேரம் அங்கேர்ந்தே பாருங்க."